பதினோரு ஜன்னல் வைத்த ஒரு தபால் வாக்கு

முப்பத்து நாலு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். ஆனாலும் எங்கள் தேர்தல் பிரிவில் பணி ஓய்வு பெறுகிறவர்களுக்கும் ஒப்பந்தம் முடிந்து போகிறவர்களுக்கும் ஒரே மாதிரி வழியனுப்புதான்: ஒரு சால்வை, ஒரு கேக், மேலதிகாரியின் ஐந்து நிமிடப் பேச்சு. எட்டு வருடத்தை முடித்துக்கொண்டு நானும் சால்வையோடு கொச்சி மட்டாஞ்சேரிக்கு வீடு திரும்பினேன். என் இடத்துக்கு வந்த இரண்டு பெண்களுக்கு நாற்பத்து மூன்று வரியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். மறுநாளே ஒருத்தி ஃபோன் செய்தாள். முப்பத்தெட்டாவது வரியில் ‘ஒரிஜினலை அள’ என்று சிவப்பில் எழுதி அடியில் மூன்று கோடு போட்டிருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டாள்.

ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமா அது? நம் தமிழ்ச் சங்க மலருக்கு வேலை அனுபவம் எழுதிக் கொடு என்று செயலாளர் மாமாவும் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததும் அந்த நாளின் படபடப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது. என் தமிழில் மலையாளம் தட்டுப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தை மூன்று வரியில் முடித்துவிடலாம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. தேர்தல் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர், ஒப்பந்தத்தில். முதல் வருடம் முழுக்க படிவங்களை ஸ்கேன் செய்ததும், இயந்திரத்தில் சிக்கிய காகிதத்தை இழுத்ததும்தான். இரண்டாம் வருடம் ‘எல்லோரும் எட்டக்கூடிய வாக்குச்சாவடி’ என்ற வேலையில் போட்டார்கள். சாவடி சாவடியாகப் போய் சாய்தளம் இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, மேசை என்ன உயரம் என்று பார்க்க வேண்டும். பழைய யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ‘சாய்தளம் உண்டு’ என்று நானே டிக் போட்டேன். வாக்குப்பதிவு அன்று சக்கர நாற்காலியில் வந்தவர் அந்தச் சாய்தளத்தில் அழகாக ஏறி, கதவு நிலைப்படியில் முட்டி நின்றார். நிலைப்படி மூன்று அங்குலம். அவரே என்னைப் பார்த்து, “மோளே, பாதி சொர்க்கம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டியே” என்றார். அன்றிலிருந்து டிக் போடுவதை விட்டேன். அளவெடுத்து எண்ணை எழுத ஆரம்பித்தேன்.

அதன் பிறகுதான் வீட்டு வாக்கு. இது தபால் வாக்கில் ஒரு வகை. மிக வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் முன்கூட்டியே படிவம் கொடுத்தால், நாங்களே வாக்குச் சீட்டோடு வீட்டுக்குப் போவோம். அதிகாரி, உதவியாளர், வீடியோ எடுப்பவர், ஒரு போலீஸ்காரர். வாக்காளர் ஒரு அட்டை மறைப்புக்குப் பின்னால் சீட்டில் பேனாவால் குறியிட்டு, சிறிய உறையில் போட்டு ஒட்டி, உறுதிமொழித் தாளோடு பெரிய உறைக்குள் வைக்க வேண்டும். கட்சி முகவர்கள் வந்து நடைமுறையைப் பார்க்கலாம். குறியிடுவதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது. தானே குறியிட முடியாதவர் விரும்பினால் துணையாள் ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. படிவம் ஏற்கப்பட்டதும் சாவடிப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘தபால் வாக்கு’ என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் சாவடிக்குப் போனாலும் அவருக்கு வாக்கு இல்லை. நாங்கள் வீட்டுக்கு இரண்டு முறை போவோம். மூன்றாம் முறை கிடையாது.

எங்கள் குழுவின் அதிகாரி தாமோதரன் சார். ஒல்லியான மனிதர். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அவர் பேசுவதெல்லாம் மலையாளம், இங்கே தமிழில் எழுதுகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, வாக்காளரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு வருவார். கட்டிலில் படுத்திருந்தால் தரையில் உட்காருவார். நாற்காலியில் இருந்தால் குந்துவார். கேள்வியை வீட்டாரிடம் கேட்க மாட்டார். வாக்காளரிடம் கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு நிமிடம் முழுதாக ஓடும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. “ஒரு நிமிஷம்ங்கிறது எவ்வளவு நீளம்னு வீட்டுல இருக்கிறவங்களுக்கே தெரியாது” என்பார். இன்னொரு பழக்கம், எதையும் முதலில் ஒத்திகை பார்ப்பது. உறை ஒட்டுகிறதா, பேனா எழுதுகிறதா, மேசை ஆடுகிறதா. அவசரப்படுகிற எனக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருந்தது. டிப்ளமாக்காரி என்பதால் என்னை ‘எஞ்ஞினியரே’ என்று கூப்பிடுவார். பாதி கேலி.

சென்ற தேர்தலில் எங்கள் பட்டியலில் பதினான்காவது வீடு ஜமீலா இத்தாவுடையது. என் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். இத்தா என்றால் இங்கே அக்கா. இத்தாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்ததிலிருந்தே கை கால்கள் சொன்னபடி கேட்பதில்லை. ஒரு பொருளை எடுக்க நினைத்தால் கை எங்கோ வெட்டி இழுக்கும். பேச்சு ஒவ்வொரு சொல்லாக, நேரமெடுத்து வரும். கண் கூர்மை. பத்திரிகையைச் சாய்வுப் பலகையில் வைத்துக் கொடுத்தால் முஷ்டியால் பக்கத்தைத் தள்ளித் தள்ளி முழுதும் படித்துவிடுவார். தம்பி சாதிக் சுக்குக் கிடங்கில் மேஸ்திரி, ஒரு கட்சியின் முகவரும்கூட. இதற்கு முன் நடந்த எல்லாத் தேர்தலிலும் அவர்தான் இத்தாவை ஆட்டோவில் சாவடிக்குக் கூட்டிப்போய், துணையாளாக நின்று பட்டனை அழுத்தினார்.

முதல் முறை நாங்கள் போனபோது சாதிக் எல்லாம் தயாராக வைத்திருந்தார். மேசை, சாயா, துணையாள் படிவத்தில் போடத் தன் பேனா. எதிர்க்கட்சி முகவர் பேபி சேட்டனும் வாசலில் நின்றார்.

“மேடம், இது ஒரு செகண்ட் வேல. நான் புடிச்சுக் கோடு போட்டுட்டேன்னா நீங்க சாயா குடிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போலாம்” என்றார் சாதிக்.

“ரெண்டு வோட்டு உள்ளவன்டா நீ” என்று வாசலிலிருந்து பேபி சேட்டன் குரல் கொடுத்தார்.

“உங்க வீட்டுல எட்டு வோட்டும் நீங்க சொல்றபடிதான விழுது? எங்க வீட்டுல ரெண்டு இருந்தா கண்ணு உறுத்துதோ?”

தாமோதரன் சார் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். நாற்காலிக்கு முன்னால் குந்தினார். துணையாள் வேண்டுமா, வேண்டுமென்றால் யார் என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். இத்தாவின் தோள் ஏறி இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. நாற்பது விநாடி இருக்கும்.

“நானே.”

அந்த ஒரு சொல்லுக்கு நான் தயாராக இல்லை. சார் தயாராக இருந்தார். வாக்குச் சீட்டை எடுக்காமல், கட்டம் போட்ட வெறும் தாளை மேசையில் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். இத்தா பேனாவை முஷ்டிக்குள் பிடித்து ஒரு கட்டத்தைக் குறி வைத்தார். கோடு மேலிருந்து கீழாக எல்லாக் கட்டங்களையும் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது தாளிலும் அப்படித்தான். உண்மையான சீட்டில் அப்படி விழுந்தால் எண்ணும் மேசையில் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள்.

சார் பதிவேட்டில், வாக்காளர் தயாராக அவகாசம் கேட்கிறார், இரண்டாம் வருகை தேவை என்று எழுதினார். தெருவுக்கு வந்த பிறகுதான் என்னிடம், “எஞ்ஞினியரே, நாலு நாள் இருக்கு” என்றார்.

அந்த நாலு நாளும் எனக்கு ஜுரம் மாதிரி இருந்தது. என் நோட்டில் இப்படி எழுதினேன்: கை இழுப்பது, பேனா வழுக்குவது, கோடு பக்கத்துக் கட்டத்துக்கு ஓடுவது. மூன்றையும் தனித்தனியே தீர்க்க வேண்டும். கை இழுப்பதைக் குறைக்க மணிக்கட்டில் மணல் நிரப்பிய துணிப்பட்டை கட்டினேன், எடை இருந்தால் வெட்டு குறையும். பேனா வழுக்காமல் இருக்க சைக்கிள் ஹேண்டில் ரப்பரைச் செருகினேன். தடியான ஸ்கெட்ச் பேனா வைக்கலாமா என்று கேட்டபோது சார் மறுத்துவிட்டார். பெட்டியில் எல்லோருக்கும் கொடுக்கிற அதே நீலப் பேனாதான். வேறு மாதிரி கோடு இருந்தால் அது யார் சீட்டு என்று தெரிந்துபோகும், அதற்காகவே சீட்டைத் தள்ளவும் செய்யலாம் என்றார்.

மூன்றாவதுதான் என் பெருமை. வேட்பாளர்கள் பத்துப் பேர், கடைசியில் நோட்டா. ஆக பதினோரு கட்டம். கெட்டியான பிளாஸ்டிக் தகட்டில் பதினோரு ஜன்னல் வெட்டிச் சீட்டின் மேல் வைத்துவிட்டால், பேனா எங்கே போனாலும் ஒரு ஜன்னலுக்குள்தான் கீழே இறங்க முடியும். ஜன்னலின் ஓரம் சுவர் மாதிரி தடுத்துவிடும். சார் தேர்தல் அதிகாரிக்கு எழுதி, இரண்டு முகவர்களுக்கும் காட்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று கையெழுத்தோடு அனுமதி வாங்கினார். மாதிரிச் சீட்டின் நகல் ஒன்றையும் எனக்குத் தந்தார். நான் அதை வெர்னியர் காலிபர் வைத்து அளந்தேன். சாதாரண ஸ்கேலில் அளப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்.

தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பயிற்சி. வேட்பாளர் பெயருக்குப் பதில் சாயா, காப்பி, சர்பத், மோர், இளநீர் என்று பதினொன்று எழுதித் தாள் அச்சடித்துக்கொண்டு போனேன். முதல் நாள் பேனா சுவரில் மோதி டக் டக் என்று சத்தம் வந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. இரண்டாம் நாள் ஆறு தாளில் இரண்டு. மூன்றாம் நாள் மூன்று தாளில் மூன்றும் விழுந்தன. நான் துள்ளாத குறை.

“இன்னிக்கு மோரு, சரியா இத்தா?” என்றேன், தாளைப் பார்க்காமலே.

இத்தா முறைத்தார். எப்படித் தெரிந்தது என்று அந்தப் பார்வை கேட்டது. முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்துச் சொன்னேன் என்றேன். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“மறைப்பு... சின்னது” என்றார்.

ஆமாம், சின்னது. எங்கள் அட்டை மறைப்பு விரலைத்தான் மறைக்கும். மறுநாள் தோள்வரை மறைக்கிற அளவில் இன்னொன்று செய்து எடுத்துப்போனேன். அறைக்குள் வந்து எட்டிப்பார்த்த சாதிக், “எந்தா மேடம், எங்க வீட்டுல சினிமாக் கொட்டகை கட்டறீங்களா?” என்றார். பிறகு மெதுவாக என்னைத் தனியே கூப்பிட்டு, இத்தா இதை வெளியாட்கள் முன்னால் செய்ய முடியாமல் போய்விட்டால் மனசு உடைந்துவிடுமே என்றார். தான் போட்டால் என்ன குறைந்துவிடும், வீட்டு வாக்கு எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே போகும் என்றும் கேட்டார். இத்தாவிடம் எப்போதாவது கேட்டதுண்டா என்றேன். கேட்க என்ன இருக்கிறது என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் வருகை. வீட்டு வாக்குக்கான கடைசி நாளும் அதுதான். எங்களுக்கு அன்று இன்னும் ஆறு வீடு, கடைசி வீடு இடக்கொச்சியில். சார் குந்தினார், கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார். இந்த முறை பன்னிரண்டே விநாடியில் “நானே” வந்தது. மணிக்கட்டில் பட்டை, பேனாவில் ரப்பர், பெரிய மறைப்பு எல்லாம் தயார். சார் உண்மையான வாக்குச் சீட்டை மேசையில் வைத்து, ஒத்திகைக்காக என் தகட்டை அதன் மேல் பொருத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“எஞ்ஞினியரே, நோட்டா எங்கே?”

குனிந்து பார்த்தேன். முதல் ஜன்னல் கச்சிதம். இரண்டாவதும் பரவாயில்லை. போகப் போக ஜன்னல்கள் மேலே ஏறிக்கொண்டே போயிருந்தன. பதினோராவது ஜன்னலின் மேல்பகுதி பத்தாவது வேட்பாளர் கட்டத்துக்குள் இருந்தது.

நகல்! அலுவலக நகல் இயந்திரம் தாளின் ஓரத்துக்கு ஏற்ப எதையும் கொஞ்சம் சுருக்கித்தான் எடுக்கும். அதில் சிக்கிய காகிதத்தை ஒரு வருடம் இழுத்தவள் நான், எனக்கு அது தெரியும். நூற்றுக்கு மூன்று சுருக்கம். ஒரு கட்டத்துக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, பதினொன்றுக்கு ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர். பயிற்சித் தாள்களைத் தகட்டுக்கு ஏற்ற அளவில் நானே அச்சடித்ததால் நாலு நாளும் பிழை வெளியே வரவில்லை. தப்பான தாளை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு அளந்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்? மேல் பாதிக்கு ஒரு முறையும் கீழ் பாதிக்கு ஒரு முறையுமாகத் தகட்டை நகர்த்தலாம் என்றேன். மேலா கீழா என்று கேட்ட உடனே பாதி ரகசியம் போய்விடும் என்றார் சார். புதிதாக வெட்ட நேரமில்லை.

வாசலில் நின்ற பேபி சேட்டன் நல்ல மனதோடுதான் சொன்னார். “சாரே, சாதிக்கே போட்டுக்கட்டும். எனக்கு ஆட்சேபம் ஒண்ணுமில்ல. பாவம், அந்தப் பெண்ணை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?”

எல்லோரும் சாதிக்கைப் பார்த்தோம். இத்தாவும் பார்த்தார். பேனா அவர் முஷ்டிக்குள் இறுகியது, அவ்வளவுதான்.

சாதிக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். “என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம். ஸ்கேலத் தாங்க.”

என் பையில் எப்போதும் நாலு பொருள் இருக்கும்: பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், காலிபர், கறுப்பு இன்சுலேஷன் டேப். பக்கத்துக் கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை டேப் ஒட்டி அடைத்துவிட்டால் ஜன்னல் சின்னதாகும், ஆனால் சரியான கட்டத்துக்குள் இருக்கும். கடைசி ஆறு ஜன்னலுக்கு அப்படிச் செய்தால் போதும் என்றேன்.

“பதினொண்ணுக்கும்” என்றார் சார். “ஒரு வேட்பாளருக்குப் பெரிய ஜன்னல், இன்னொருத்தருக்குச் சின்னதுன்னா அது பிரச்சாரம்.”

ஆக ஒன்பது மில்லிமீட்டர் ஜன்னல்கள் எல்லாம் ஐந்தாகச் சுருங்க வேண்டும். நான் டேப்பை வெட்டினேன், சாதிக் ஒட்டினார். பேபி சேட்டன் காலிபரை வாங்கி ஒவ்வொன்றாக அளந்தார். ஏழாவதில், “டேய், உன் ஆளுக்கு அரை மில்லி கூட இருக்கு” என்றார். சாதிக் டேப்பைப் பிரித்துத் திரும்ப ஒட்டினார். சார் தகட்டைச் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். நாற்பது நிமிடம் ஓடியது. அடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு முகவர்களும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது இத்தாவின் முறை. ஒன்பதில் பழகியவருக்கு ஐந்து. பயிற்சித் தாள் கொடுக்கலாமா என்றேன். இத்தா தலையை ஆட்டி மறுத்தார். மறைப்பை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லோரும் சுவர் பக்கம் திரும்பினோம். வீடியோக்காரர் கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பினார். சாதிக் வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

டக். டக் டக். பேனா ஜன்னல் ஓரத்தில் மோதுகிற சத்தம். பிறகு நாற்காலி கிரீச்சிட்டது. மூச்சு. மறுபடி டக். என் எதிரே சுவரில் ஒரு காலண்டர், அதில் ஒரு வாரத்துத் தேதிகளை நான் மூன்று முறை கூட்டிக் கழித்தேன். பக்கத்தில் போலீஸ்காரர் எச்சில் விழுங்குவது கேட்டது. அப்புறம் டக் சத்தம் இல்லை. காகிதத்தின் மேல் பேனா இழுபடும் சின்னச் சத்தம், கொஞ்ச நேரம், நடுங்கி நடுங்கி. பேனா மேசையில் உருண்டது.

“ஆச்சு.”

விழுந்ததா, கோடு ஜன்னலுக்குள் நின்றதா, எதுவும் எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. சார் முகத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு சிறிய உறையின் வாயை மேசை விளிம்பில் திறந்து பிடித்தார். இத்தா பத்திரிகைப் பக்கத்தைத் தள்ளுகிற மாதிரி முஷ்டியால் சீட்டைத் தள்ளினார். மூன்றாம் தள்ளலில் அது உள்ளே போனது. உறை ஒட்டப்பட்டது. அப்போதுதான் நான் திரும்பினேன். இத்தாவின் முகம் வியர்வையில் பளபளத்தது.

“யாரும்... பாக்கலல்ல?” என்றார்.

“யாரும் பாக்கல இத்தா.”

பெரிய உறைக்குள் அது போவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்கு எண்ணும் நாளில் எனக்குக் கட்டுப்பாட்டு அறையில் கணினி வேலை. தபால் வாக்கு மேசைகளில் ஒன்றுக்கு உதவியாளர் குறைகிறார், நீ போகிறாயா என்று சார் கேட்டார். வேண்டாம் என்றேன். நடுங்கின கோடு ஒன்று கண்ணில் பட்டால், இத்தா யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். சார் தலையாட்டிவிட்டு வேறு ஒருவரை அனுப்பினார். ஆனால் காலை முழுக்கக் கணினி முன்னால் எனக்கு இதே நினைப்பு. நாலு நாள் பயிற்சி, நாற்பது நிமிட டேப் வேலை, என் முட்டாள்தனமான நகல், எல்லாம் சேர்ந்து அந்தச் சீட்டு செல்லாததாகிவிட்டால்?

பதினொன்றரை மணிக்கு சாதிக் கட்டுப்பாட்டு அறையின் வாசலில் வந்து நின்றார். கழுத்தில் எண்ணும் முகவர் அடையாள அட்டை. அவரை நம் ஊர் வீட்டு வாக்குகள் பிரிக்கும் மேசையில்தான் போட்டிருந்தார்களாம். தள்ளுபடி செய்யும் ஒவ்வொரு சீட்டையும் முகவர்களுக்குக் காட்டித்தான் வைப்பார்கள். இரண்டு பேருக்கு டிக் போட்டவை சில, எதுவுமே போடாதவை சில.

“எல்லாத்தையும் பார்த்தேன் மேடம். தள்ளினது எல்லாம் நல்லா நேரா இழுத்த கோடு. ஒண்ணுகூட நடுங்கல.”

என் கண் நிறைந்தது. “அப்ப செல்லுபடியானதுல இத்தாவோடது...”

“அது தெரியாது.” அவர் அடையாள அட்டையை விரலில் சுற்றினார். “நல்ல சீட்டைப் பிரிச்சு அடுக்க ஆரம்பிச்சதும் வெளிய வந்துட்டேன். உள்ள எங்க ஆளுங்க, ஏன்டா மேசைய விட்டுட்டுப் போறேன்னு சத்தம் போடறாங்க. நின்னா பார்த்துருவேன்ல.”